ஒரு சொட்டும் ஒழுகாத ஃபியட்

என் வீட்டுக்காரருக்கு ஒழுகுவது என்றாலே ஆகாது. குழாய் ஒழுகக் கூடாது, கூரை ஒழுகக் கூடாது, ஊறுகாய் ஜாடி ஒழுகக் கூடாது. ஜாடி மூடிக்கு அவர் வெட்டிப் போட்ட ரப்பர் வளையத்தின் புண்ணியத்தில், எங்கள் வீட்டில் ஊறுகாய் வேண்டுமென்றால் முதலில் பக்கத்து வீட்டு ஆம்பளை ஒருத்தரைக் கூப்பிட வேண்டும். ஆவடியில் பீரங்கி வண்டி செய்கிற ஃபாக்டரியில் அவருக்கு வேலையே அதுதான். அந்த வண்டி கழுத்தளவு தண்ணீரில் இறங்கி ஏறினாலும் உள்ளே ஒரு சொட்டு நுழையக் கூடாதாம். நுழையுமா என்று தடவிப் பார்த்து அடைக்கிற பிரிவில் அவர் ஃபிட்டர். பேர் குணசேகரன். வருஷக் கணக்காக அடைத்து அடைத்து, ஓட்டை என்று எது கண்ணில் பட்டாலும் மனுஷனுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும்.

நான் வனஜா. பாடியில் இருந்த லாரி டிரைவர் வேம்புலியின் மகள். எனக்கு வாய் நீளம் என்று குவார்ட்டர்ஸில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும், அவர்களுக்கு மட்டும் என்ன குட்டையா? நான் கல்யாணத்துக்கு முன்பே டிரைவிங் லைசென்ஸ் எடுத்தவள். அதை பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்துவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஓட்டுவதற்கு வண்டி இருந்தால்தானே?

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார். "வண்டி ஒண்ணு கெட்ச்சா ஓட்டுவியா வனஜா?"

"ஓட்டுவேன்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரமே முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வேப்பமரத்தடியில் கிடந்த பழைய ஃபியட் ஒன்று கயிறு கட்டி இழுக்கப்பட்டு எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. பின் சீட்டில் கோழி அடைகாத்திருந்தது. எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. அவர் என்னைப் பார்த்து, "ஆறு மாசம் டைம் குடு" என்றார். பெண்டாட்டிக்கு நகை வாங்கிக் கொடுக்கிற புருஷனை எல்லாருக்கும் தெரியும். எனக்கு எஞ்சின் கட்டிக் கொடுக்கிறேன் என்ற புருஷனை நான்தான் கட்டியிருந்தேன். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த ஆசையை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

எஞ்சின் வேலைக்குப் பாடியில் பட்டறை வைத்திருந்த சுலைமான் பாய் வந்தார், என் வீட்டுக்காரரின் பழைய கூட்டாளி. ஒயரிங் வேலைக்கு எங்கள் எதிர்வீட்டு கஜபதி, ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன். பாடி வேலை, அதாவது கதவு, தரை, டேங்க், மூடி, கண்ணாடி ரப்பர் எல்லாம் என் வீட்டுக்காரர். லீவு நாளெல்லாம் மூன்று பேரும் வண்டிக்கு அடியில் கிடந்தார்கள். சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, வால்வு உரசி, எல்லாம் முடிந்தபோது எண்பத்தொன்பதாம் வருஷத்து ஜூன் மாதம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம்.

விஷயம் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. பூந்தமல்லியில் அன்னம்மாள் டீச்சர் ஒரு நர்சரி ஸ்கூல் நடத்தினார். எங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நாகப்பன் என்பவனுடைய வேனில் அங்கே போய் வந்தன. அவன் பிள்ளைகளை உருளைக்கிழங்கு மாதிரி அடைத்துக்கொண்டு போவான். சின்னதுகளை மட்டுமாவது வேறு வண்டியில் அழைத்து வர டீச்சருக்கு ஆள் வேண்டியிருந்தது. நான் போய்க் கேட்டேன்.

"பொம்பள ஓட்டினா எனக்கு நிம்மதிதாம்மா" என்றார் டீச்சர். "ஆனா மொதல்ல வண்டிய என் கண்ணுல காட்டு. நடுரோட்டுல நின்னுடுச்சின்னா பச்சப் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு நீ என்ன பண்ணுவே? ஞாயித்துக்கெழம சாயந்திரம் நான் சர்ச்சுக்குக் கிளம்பறதுக்குள்ள கொண்டாந்து காட்டு. இல்லன்னா நாகப்பன்கிட்டயே சொல்லிடறேன். திங்கக்கெழம ஸ்கூல் திறக்குது."

எனக்கு அந்த வேலை வேண்டும். சும்மா வேண்டும் என்பதில்லை, வெறியாக வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்து ஊரே பார்க்கும்படி போகவேண்டும் என்று எத்தனை வருஷ ஆசை! அது இல்லையென்றால் லைசென்ஸ் திரும்பவும் புடவை மடிப்புக்குள் போக வேண்டியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினோம். முதல் ஓட்டத்தில் குறை என்பதே இருக்கக் கூடாது என்று டேங்க்கில் கழுத்து வரைக்கும் பெட்ரோல் ஊற்றச் சொன்னவளும் நான்தான். குவார்ட்டர்ஸே வாசலுக்கு வந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது! ஒரே திருப்பில்! சுலைமான் பாய் இரண்டு கையையும் மேலே தூக்கினார். கஜபதி விசிலடித்தான். என் வீட்டுக்காரர் மட்டும் குனிந்து வண்டிக்கு அடியில் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்த்தார். "ஒரு சொட்டு இல்ல!" என்று எழுந்தார். முகமெல்லாம் பல்.

மாப்பிள்ளை அழைப்பு மாதிரி குவார்ட்டர்ஸ் தெருவில் வண்டியை விட்டேன். தண்ணீர் தொட்டியைச் சுற்றி, விளையாட்டுத் திடலைத் தாண்டி, ரேஷன் கடை முனைக்கு வந்தபோது வண்டி இரண்டு தடவை விக்கியது. அப்புறம் நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் முறத்தோடு கடைக்கு எதிரே நின்றிருந்தாள். அவள் பெண் பேபியும் அந்த நர்சரிக்குப் போகிற பிள்ளைதான். "இன்னா வனஜா, ரேஷன்ல சக்கர போட்றானா? கரெக்டா கட வாசல்ல நிறுத்திகீறியே!" என்றாள். ஒரு தெருவே சிரித்தது. எனக்குக் காது மடல் கொதித்தது.

தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

"கார்ப்பரேட்டர்ல தூசு" என்று சுலைமான் பாய் தீர்ப்புச் சொன்னார். கழற்றினார். கழுவுவதற்குப் பெட்ரோல் வேண்டுமே? கஜபதி ஒரு கம்பியின் நுனியில் துணியைச் சுற்றி, வண்டிக்குப் பின்னால் போய், டேங்க் மூடியைத் திருகித் திறந்து, துணியை உள்ளே விட்டு நனைத்துக்கொண்டு வந்தான். கழுவி, ஊதி, மாட்டினார்கள். சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

"எப்டி நம்ம கை?" என்று பாய் மீசையைத் தடவினார்.

மறுபடியும் தெரு, மறுபடியும் தொட்டி, மறுபடியும் திடல். இந்தத் தடவை ரேஷன் கடையைக்கூடத் தாண்டினேன். தாண்டி, அடுத்த திருப்பத்தில் விக்கி நின்றது.

"நான் அப்பவே சொன்னேன், பாயிண்ட்டு கரிஞ்சி கீது" என்றான் கஜபதி. அவன் எப்போதும் சொல்லவில்லை. தள்ளிக்கொண்டு வந்து, தீப்பொறி கொடுக்கிற பாயிண்ட்டையும் பிளக்கையும் கழற்றினார்கள். பெட்ரோல் துணியால் துடைத்தார்கள். சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. கஜபதி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். வண்டி குவார்ட்டர்ஸ் கேட்டு வரைக்கும் போய், காவல்காரன் எனக்கு ஒரு சலாம் வைக்கும் நேரத்தில் நின்றது.

மூன்றாவது முறை என் வீட்டுக்காரர். பெட்ரோல் பம்ப்பைப் பிரித்து, உள்ளே இருந்த தோலைக் கழுவி, தன் ஃபாக்டரிப் பக்குவத்தில் இறுக்கி மாட்டினார். "இப்ப பாரு" என்றார். பார்த்தேன். ஓடியது, நின்றது.

இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு வைத்தியத்துக்கும் வண்டி ஓடிக் காட்டியது. ஓடவே ஓடாத வண்டியென்றால் அழுதுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போயிருப்பேன். இது ஒவ்வொரு தடவையும் உயிரோடு எழுந்து, ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் நன்றாக ஓடி, மானத்தை வாங்கிவிட்டுப் படுத்தது. ஓடியதை வைத்து மூன்று பேரும் அவரவர் கைராசியைச் சொல்லிக்கொண்டார்கள். நின்றதற்கு மட்டும் மற்ற இரண்டு பேர் காரணம்.

"மச்சான், உன் பம்ப்பு சரியில்ல."

"பாய், உன் கார்ப்பரேட்டர் நீ சொல்ற பேச்ச கேக்கல."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க, இக்னிஷன் காயில் சூடாவுது. எனுக்குத் தெரியும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே மூன்று பேர் ஆட்டம். நான் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்றைத் தாண்டியிருந்தது. வெளியே பஞ்சவர்ணம் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "இதுல எம் பொண்ண ஏத்தி அனுப்பறதுக்கு, நான் எருமமாட்டு மேல ஒக்கார வெச்சி அனுப்புவேன்." அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால், அழுகையோடு ஆத்திரமும் வந்தது. எனக்கு ஆத்திரம் வந்தால் அழுகை தானாகப் பயந்து ஓடிவிடும்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். "ஏறுங்க எல்லாரும்" என்றேன்.

"எங்க?"

"பூந்தமல்லிக்கி. நிக்கிற எடத்துல எறங்கித் தள்ளுங்க. தள்ளிகினாவது டீச்சர் வாசல்ல கொண்டாந்து நிறுத்தறேன். இங்க ஒக்காந்துகினு யார் பெரியவன்னு சண்ட போட்டா வண்டி போவுமா?"

"வனஜா, இன்னும் ஒரே ஒரு வாட்டி பம்ப்ப…"

"யோவ், ஏறுய்யா!" என்றேன். ஏறினார்.

அதற்குள் கஜபதி துணியை நனைத்து வந்து பிளக்கை இன்னொரு வாட்டி துடைத்து மாட்டியிருந்தான்; ஒரே திருப்பில் பிடித்து, பருத்திப்பட்டு வரைக்கும் வண்டி வெண்ணெயாகப் போனது. மூன்று பேரும் எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூவம் பாலத்தில் ஏறினேன். பாலத்தின் சரி நடுவில், இரண்டு விக்கல். நின்றது.

பின்னால் ஒரு பஸ். அதற்குப் பின்னால் லாரி. எதிரில் மாட்டு வண்டி. ஹாரன் சத்தத்தில் ஆறே எழுந்து நடந்துவிடும் போலிருந்தது. பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "இன்னாமா, கார அடுப்பு மேல வெச்சிட்டு மறந்துட்டியா? ஓரம் கட்டு!" என்றான். பஸ் ஜன்னலில் இருந்த அத்தனை தலையும் என்னைப் பார்த்தது. பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று ஒரு கிழவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மூன்று ஆம்பளைகள் கட்டிய எஞ்சின் ஐயா அது, அதை அவரிடம் யார் சொல்வது?

இறங்கித் தள்ளி, பாலத்தைத் தாண்டிப் புளியமரத்தடியில் ஓரம் கட்டினார்கள். கஜபதி இதற்காகவே காத்திருந்தவன்போல பானெட்டைத் திறந்தான். "காயில்தான். இப்ப பாருங்க." ஈரத் துணியை எடுத்து காயில் மேல் சுற்றினான், ஒரு ஒயரை இழுத்து முறுக்கினான். "ஸ்டார்ட் அடி அண்ணி!"

சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். பிடிக்கவில்லை. மறுபடி. பாட்டரி முனகியது.

காலையிலிருந்து நின்றபோதெல்லாம் வண்டி வைத்தியம் முடிந்ததும் ஒரே திருப்பில் பிடித்தது. இது மட்டும் ஏன் பிடிக்கவில்லை? காயில்தான் கோளாறு என்றால் சரி. ஆனால் காலையில் காயிலை யாருமே தொடவில்லையே, அப்போது மட்டும் எப்படி ஓடியது?

ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். டிரைவருக்குப் பின்னால் நடப்பதைக் காட்டுகிற சின்னக் கண்ணாடி. அதில் புளியமரமும் பாலமும் தெரிந்தன. ஆள் யாரும் இல்லை. காலையிலிருந்து அந்தக் கண்ணாடியில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? கஜபதியைத்தான். ஒவ்வொரு தடவையும் அவன் கம்பியும் துணியுமாகப் பின்னால் போவான். டேங்க் மூடியோடு மல்லுக்கட்டுவான், முகம் கோணும், மூடி திறக்கும், துணியை நனைப்பான். கார்ப்பரேட்டர் கழுவினாலும் சரி, பிளக்கைத் துடைத்தாலும் சரி, பம்ப்பைப் பிரித்தாலும் சரி, மூடி திறந்தது. இந்தத் தடவை கழுவ ஒன்றும் இல்லை. அதனால் யாரும் பின்னால் போகவில்லை.

இறங்கிப் பின்னால் போனேன்.

"இன்னா தங்கச்சி?" என்றார் பாய்.

மூடியைப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. முந்தானையைச் சுற்றிக்கொண்டு பல்லைக் கடித்துத் திருகினேன். மூடி நெகிழ்ந்தது. "உஸ்ஸ்ஸ்…" என்று ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. என் விரலையே இழுத்தது.

மூடியை மறுபடி மூடிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன். இரண்டு திருப்பு முனகியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

"சொன்னேன்ல, காயில் ஆறிப்பூட்ச்சி" என்றான் கஜபதி.

"கஜா, நீ ரெண்டு கையையும் கட்டிகினு அந்த மரத்தாண்ட போய் நில்லு. எதையும் தொடாத" என்றேன். "பாய், நீங்களும்தான். யோவ், நீயும்."

நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடித்தேன். எஞ்சின் உறுமியது. சாலையில் போகிறவர்கள் எல்லாம் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே விக்கல், அதே சாவு. சாவியைத் திருப்பிக் காட்டினேன், பிடிக்கவில்லை. போய் மூடியைத் திறந்தேன். உஸ்ஸ். வந்து திருப்பினேன். பிடித்தது!

சுலைமான் பாய் மெல்ல நடந்து போய், மூடியைக் கழற்றி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு ஓட்ட இருக்கணுமே" என்றார்.

"இருந்துச்சி" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருந்துச்சின்னா?"

"ஊசி மொன அளவுக்கு இருந்துச்சி பாய். துரு அரிச்சிருக்குதுன்னு ஈயம் ஊத்தி அடச்சிட்டேன். அடியில ஒரு ரப்பரும் போட்டேன். மழத்தண்ணி பூந்துடும்ல?"

பாய் தலையில் கை வைத்துக்கொண்டு புளியமர வேரில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா! மச்சான், எண்ணெ டின்னுல ஒரே ஒரு ஓட்ட போட்டு கவுத்தா எண்ணெ வருமா? எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்ட போட்டாதான காத்து உள்ள போயி எண்ணெ எறங்கும்? பெட்ரோல் எறங்க எறங்க காத்து உள்ள போவணும்டா. அதுக்குத்தான் அந்த ஓட்ட! நீ காத்த மறிச்சிட்ட. பம்ப்பு எவ்ளோ நேரம் உறிஞ்சும் பாவம்? அதுலயும் டேங்கு ஃபுல்லு, உள்ள காத்தே கெடையாது."

காலையிலிருந்து நாங்கள் கழுவிய கழுவல் எல்லாம் வீண். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. கார்ப்பரேட்டர் கெட்டிக்காரன், பாயிண்ட்டு கெட்டிக்காரன், பம்ப்பு கெட்டிக்காரன், மூன்று பேரையும் ஒரு மூடி முட்டாளாக்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாலத்துப் பக்கம் திரும்பி நின்று சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். கஜபதியும் சிரித்தான், பாயும் சிரித்தார். என் வீட்டுக்காரர் மட்டும் தான் பெற்ற பிள்ளையே காட்டிக் கொடுத்துவிட்டதுபோல் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காடுவெட்டியில் ஒரு சைக்கிள் பஞ்சர் கடை திறந்திருந்தது. மூடியை ஒரு தடவை திறந்து மூடிவிட்டு அங்கே வரைக்கும் ஓட்டினேன். கடைக்காரரிடம் ஆணியும் சுத்தியும் வாங்கி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "போடு" என்றேன்.

அவர் ஆணியை ஈயத்தின் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "என் சர்வீஸ்ல நான் ஓட்ட போட்டதே இல்ல வனஜா" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

"எனக்காகப் போடுயா" என்றேன்.

ஓர் அடி. ஆணி இறங்கியது. மூடியை எடுத்து வாயருகில் வைத்து ஊதிப் பார்த்தார். எதிரில் நின்ற என் கன்னத்தில் காற்றுப் பட்டது. நடுரோட்டில், பஞ்சர் கடைக்காரரும் இரண்டு சிநேகிதர்களும் பார்க்க, அந்த மனுஷன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! போதும், நேரமாகிறது என்று ஏறி உட்கார்ந்தேன்.

அப்புறம் நான் ஓட்டியதுதான் ஓட்டம். திருவேற்காடு திருப்பம் வந்தது, போனது. விக்கல் வருமிடம் என்று நான் மனதுக்குள் குறித்து வைத்திருந்த நேரமெல்லாம் வந்தது, போனது. செந்நீர்க்குப்பத்தில், பூந்தமல்லி போய்த் திரும்பி வந்துகொண்டிருந்த அந்த பஸ்ஸே எதிரில் வந்தது. ஸ்டாப்பில் ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போகும்போது ஹாரனை ஒரு நீட்டு நீட்டினேன். ஜன்னலில் தலை நீட்டிய கண்டக்டர் வாயைப் பிளந்தான். "அடுப்புல இருந்து எறக்கிட்டேன்பா!" என்று கத்தினேன். பின் சீட்டில் கஜபதி எழும்பிக் குதித்ததில் கூரையில் தலையை இடித்துக்கொண்டான்.

கரையான்சாவடியைத் தாண்டி பூந்தமல்லியில் டீச்சர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வெள்ளைப் புடவை கட்டி, பைபிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாகப்பன்! அவன் வேன் ஓரமாக நின்றது.

"வாக்கா" என்றான் நாகப்பன். "கூவம் பாலத்துல தள்ளிகினு இருந்தீங்களாமே? பஸ்ல வந்தவங்க சொன்னாங்க. அதான் டீச்சராண்ட ஒரு வார்த்த சொல்ட்டுப் போலாம்னு வந்தேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "நின்னுச்சா வனஜா?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பிள்ளைகள் ஏறப்போகிற வண்டி, பொய் சொல்லி எப்படி ஏற்றுவது? "நின்னுச்சி டீச்சர்" என்றேன். "காலைலேந்து நின்னுச்சி. ஏன் நின்னுச்சின்னு நானே கண்டுபிடிச்சேன். சரி பண்ணியாச்சி. இனிமே நிக்காது."

"நிக்காதுன்னு எப்படிச் சொல்றே?"

"நீங்களே பாருங்க. நான் வண்டிய ஆஃப் பண்ணல. நீங்க எவ்ளோ நேரம் வேணாலும் பாருங்க."

டீச்சர் பைபிள் பையைக் கேட்டுக் கம்பியில் மாட்டினார். அவர் அவசரப்படுகிற மனுஷி இல்லை. முன் கதவைத் திறந்தார், மூடினார். கொக்கி விழுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். நான்கு கதவுக்கும் அதே பரீட்சை. சீட்டில் கம்பி துருத்துகிறதா என்று உள்ளங்கையால் தடவினார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். பிள்ளைகள் தலை வெளியே நீட்டுமா என்று தானே தலையை நீட்டிப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டீ ஆறுகிற நேரம் ஆயிற்று. இரண்டு டீ ஆறுகிற நேரம் ஆயிற்று. சுலைமான் பாய் உதடு ஓதிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் டேங்க் மூடிப் பக்கமாக, பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு விட்டவர்போல் நின்றார். நாகப்பன் மதில் மேல் ஏறி உட்கார்ந்து, நிற்கிற நேரத்துக்காகக் காத்திருந்தான்.

நிற்கவில்லை.

"போலாம், ஒரு ரவுண்டு" என்று டீச்சர் முன் சீட்டில் ஏறினார். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டு, கோயில் தெரு என்று பூந்தமல்லியையே சுற்றிக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் மாடு, சைக்கிள், தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் வழிவிட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டு வந்து கேட்டில் நிறுத்தினேன். டீச்சர் இறங்கினார். நாகப்பனைப் பார்த்து, "பெரிய புள்ளைங்கள நீ வழக்கம்போல கூட்டியாந்துடுப்பா. சின்னதுங்க இனிமே வனஜா வண்டியில வரும்" என்றார்.

நாகப்பன் மதிலிலிருந்து இறங்கி, பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டான். போகும்போது என் பக்க ஜன்னலில் குனிந்து, "மெய்யாலுமே சோக்கா ஓட்றக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

"சர்ச்சுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார் டீச்சர். "வண்டிய அணைச்சிட்டு உள்ள வா. எல்லாரும் வாங்க. காபி போடறேன்."

சாவியில் கை வைத்தேன். காலையிலிருந்து ஓடு ஓடு என்று கெஞ்சிய வண்டி. இப்போது தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நான் ஏன் நிறுத்த வேண்டும்?

"நீங்க தப்பா நெனைக்காதீங்க டீச்சர்" என்றேன். "காபிய இங்கயே குடுத்துடுங்க. வண்டி கொஞ்ச நேரம் ஓடட்டும்."

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்க் காபி போட்டுத் தட்டில் வைத்து, தெருவுக்கே எடுத்துவந்து கொடுத்தார். ஓடுகிற எஞ்சின் மேல், சூடாக அதிர்ந்துகொண்டிருந்த பானெட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையில் டம்ளரைப் பிடித்து, எல்லாரும் பார்க்க அழுதுகொண்டே நான் அந்தக் காபியைக் குடித்தேன்.